எங்கள் பெயரில் சுற்றும் ஸ்கிரீன்ஷாட் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு வரும் செய்தி, படம், வீடியோ உண்மைதானா என்று சரிபார்த்துச் சொல்வது எங்கள் வேலை. இப்போது எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களில் பலருக்குச் சொல்லாமலே தெரியும். ஒரு முதலீட்டுத் திட்டத்தின் விளம்பர வீடியோவை நாங்கள் சரிபார்த்து "உண்மையானது" என்று சொன்னதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் குழுவுக்குக் குழு போய்க்கொண்டிருக்கிறது. அதில் எங்கள் பெயர் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, நாங்கள் வழக்கமாக எழுதும் நடையும் ஓரளவு இருக்கிறது. ஆனால் அது நாங்கள் கொடுத்த பதில் அல்ல. எங்கள் பதிலில் கைவைத்துச் செய்த போலி.

"இது நிஜமாகவே நீங்கள் சொன்னதா?" என்று எங்களிடமே கேட்டவர்களுக்கு முதலில் நன்றி. வந்த ஃபார்வேர்டை உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிடாமல், எங்களுக்கு அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை பொறுத்திருந்து பழகியவர்கள் நீங்கள். எங்கள் பெயரில் வந்ததையும் அதே மாதிரி சந்தேகப்பட்டுக் கேட்டீர்களே, இந்த வாரம் முழுக்க எங்களுக்குத் தெம்பு கொடுத்தது அதுதான்.

நடந்தது இது. பிரபலமான ஒருவர் ஒரு திட்டத்தில் பணம் போடச் சொல்வது போன்ற வீடியோவை ஒரு வாடிக்கையாளர் அனுப்பியிருந்தார். அதிலிருந்து சில காட்சிகளைத் தனித்தனிப் படங்களாக எடுத்துப் படத் தேடலில் போட்டோம். அதே சட்டை, அதே நாற்காலி, பின்னால் அதே செடியோடு ஒரு பழைய பேட்டி கிடைத்தது. முழுப் பேட்டியையும் கேட்டோம். அதில் அவர் முதலீடு பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஏஐ வைத்து அவர் குரலைப் போல ஒரு குரலைச் செய்து, உதட்டசைவை அதற்கேற்ப மாற்றியிருந்தார்கள். அப்புறம் அந்தத் திட்டத்தின் இணையதள முகவரி எப்போது பதிவானது என்று பார்த்தோம். பல ஆண்டு அனுபவம் என்றது விளம்பரம். முகவரி பதிவாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. இவ்வளவையும் எழுதி, "இந்த வீடியோ உண்மையானது அல்ல. பணம் போட வேண்டாம்" என்று தொடங்கி, அசல் பேட்டியின் லிங்க்கையும் சேர்த்துப் பதில் அனுப்பினோம்.

சுற்றுகிற படத்தில் "அல்ல" இல்லை. "பணம் போட வேண்டாம்" இல்லை. லிங்க் இருந்த பகுதிக்கு மேலேயே படம் வெட்டப்பட்டிருக்கிறது. கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்: "உண்மையானது" என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு சொல் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடக்கிறது, அதைத் தாண்டித் தனியாக ஒரு முற்றுப்புள்ளி நிற்கிறது. அந்தக் காலி இடத்தின் நிறமும் சுற்றியுள்ள நிறத்தைவிட ஒரு சாயல் வெளுப்பு. அழித்த கைக்கு முற்றுப்புள்ளியை அழிக்கத் தோன்றவில்லை.

இது அவசரத்தில் செய்த வேலை என்பதால் தடயம் மிஞ்சியது. நிதானமாகச் செய்திருந்தால் அதுவும் இருந்திருக்காது. கணினி பிரௌசரில் எந்தப் பக்கத்தைத் திறந்தும், ஒரு வரியின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' என்பதை அழுத்தினால், அந்த வரியை நம் விருப்பம்போல் மாற்றிவிடலாம். நிஜத் தளத்தில் எதுவும் மாறாது, நம் திரையில் மட்டும் மாறும். அந்த நிலையில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அதே எழுத்துரு, அதே நிறம், அதே முத்திரை. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது. பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த வேலை இது. அதனால்தான் நாங்கள் யாருடைய ஸ்கிரீன்ஷாட்டையும் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் பதிலின் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் அதே விதிதான்.

படத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதோடு சேர்ந்து வந்த பேச்சுதான் மனதை அறுக்கிறது. "அந்தத் திட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டுதான் சான்று கொடுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கு விளக்கமாகவே பதில் சொல்ல வேண்டும், பொறுத்தருளுங்கள்.

எங்களுக்கு வருமானம் உங்கள் சந்தா மட்டும்தான். யாருடைய செய்தியைச் சரிபார்க்கிறோமோ அவர்களிடம் காசு வாங்குவதில்லை, விளம்பரம் வாங்குவதில்லை, பரிசும் வாங்குவதில்லை. "எங்கள் நிறுவனத்தைச் சரிபார்த்துச் சான்று கொடுங்கள், ஆகிற செலவைத் தருகிறோம்" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. நல்ல நிறுவனங்களும் அதில் இருந்தன. எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னோம்: நாங்கள் சான்று கொடுக்கும் கடை அல்ல. ஒரு செய்தி, ஒரு படம், ஒரு வீடியோ, இதில் சொல்லப்பட்டது நடந்ததா இல்லையா, இதுதான் எங்கள் வேலை. ஒரு திட்டம் லாபம் தருமா, ஒரு கம்பெனி நல்ல கம்பெனியா என்று நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. எங்கள் பழைய பதில்களை எடுத்துப் பாருங்கள். "இதில் பணம் போடலாம்" என்று ஒன்றாவது இருக்கிறதா? இருக்காது. வருடக் கணக்கில் எங்கள் பதில்களைப் படித்தவர்கள் நீங்கள், உங்களுக்கு இது தெரியும். தெரியாதவர்கள் பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை.

உடனே ஏன் மறுக்கவில்லை என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மறுப்பு எழுதும்போது போலிப் படத்தை அப்படியே மீண்டும் போட்டால், நம் கையாலேயே அதைப் பரப்பியதாகிவிடும். படத்தை மட்டும் பார்த்து, கீழே எழுதியதைப் படிக்காமல் போகிறவர்கள் நிறையப் பேர். அதனால் எங்கள் அசல் பதிலைத் தேதியோடு தேடி எடுத்து, வீடியோவை அனுப்பிய அந்த வாடிக்கையாளரிடம் அவர் கைப்பேசியில் இருப்பதும் அதுவேதானா என்று உறுதி செய்துகொண்டு, போலியின் குறுக்கே கோடு போட்டு, அப்புறம்தான் வெளியிட்டோம். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது என்பது உண்மை. அது எங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. 2018ல் 'சயின்ஸ்' இதழில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்திருந்தார்கள். உண்மையான செய்தியைவிடப் பொய்யான செய்தி மறுபகிர்வு செய்யப்பட 70 சதவீதம் கூடுதல் வாய்ப்பு இருந்தது. 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை, பரப்பியவர்கள் மனிதர்கள்தான். 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப், பலமுறை ஃபார்வேர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது இதனால்தான். ஸ்கிரீன்ஷாட்டைக் கைப்பேசியில் சேமித்துப் புதிதாக அனுப்புகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை.

"எது வந்தாலும் பொய் என்று சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லையே" என்று நண்பர் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார். அப்படிச் செய்ய மாட்டோம். புயல் வெள்ளத்தில் மூழ்கிய சாலையில் காருக்குப் பக்கத்தில் சுறா நீந்தும் படம் உங்களுக்கும் வந்திருக்கும். 2011ல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிக்கோவில் எடுத்ததாகப் பரவியது. 2017ல் ஹார்வி புயல் வந்தபோது ஹூஸ்டன் என்று சொல்லி அதே சுறா மறுபடி வந்தது. தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு சிறு படகைப் பின்தொடர்ந்த சுறாவின் நிழற்படத்திலிருந்து வெட்டி ஒட்டியது அது. புயல்தோறும் அதை மறுத்து மறுத்து, 'வெள்ளத்தில் சுறா' என்றாலே பொய் என்று எல்லாருக்கும் பழகிவிட்டது. 2022ல் இயன் புயலின்போது புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில், வீடுகளுக்குப் பின்னால் தேங்கிய வெள்ளத்தில் துடுப்பு தெரிய ஒரு பெரிய மீன் புரளும் வீடியோ வந்தது. எடுத்த எடுப்பிலேயே பலர் சிரித்தார்கள். அசல் கோப்பில் பதிவாகியிருந்த விவரங்களை ஆராய்ந்த பிறகு, வீடியோ நிஜமானதுதான் என்று தெரிந்தது. பழக்கதோஷத்தில் "பொய்" என்று பதில் எழுதுகிறவர் அன்று மாட்டிக்கொண்டிருப்பார். எங்கள் பதில்கள் நீளமாக இருப்பதற்கும், சில சமயம் "இப்போதைக்கு உறுதி செய்ய முடியவில்லை" என்று முடிவதற்கும் காரணம் இதுதான். அந்த வரியைப் படித்துவிட்டு இதற்கா சந்தா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் சேர்த்துத்தான் சந்தா என்று உறுதியாகச் சொல்வேன்.

வெட்டிச் சுருக்கியே உண்மையைப் பொய்யாக்குவது புதிய வித்தையும் அல்ல. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் கிரகம் பூமிக்குச் சுமார் 5.6 கோடி கிலோமீட்டர் தூரத்துக்கு வந்தது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் அவ்வளவு நெருங்கியது அதுவே முதல்முறை. அப்போது மின்னஞ்சலில் வந்த செய்தி, 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் செவ்வாயைப் பார்த்தால், வெறும் கண்ணுக்கு முழுநிலா தெரியும் அளவுக்குத் தெரியும் என்றது. கை மாறக் கை மாறத் தொலைநோக்கி காணாமல் போனது. ஆண்டும் காணாமல் போனது. வானத்தில் இரண்டு நிலா என்று பல ஆண்டுகளாக ஆகஸ்ட் வந்தாலே அந்தச் செய்தி தலைகாட்டியது. எங்கள் பதிலிலிருந்து ஒரு சொல் போனபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தத் தொலைநோக்கிதான்.

இன்னொரு பேச்சும் காதுக்கு வந்தது: வீடியோக்களைப் பார்த்துவந்த எங்கள் சக ஊழியரை இந்த விவகாரத்தால் வேலையை விட்டு அனுப்பிவிட்டோமாம். இல்லவே இல்லை. இந்தப் படம் வருவதற்கு வெகு முன்பே, பெரிய இடத்தில் நல்ல வேலை கிடைத்து, அவர் முறைப்படி சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு வீடியோவில் விழும் நிழலின் திசையையும் தூரத்தில் தெரியும் கட்டடத்தின் கூரையையும் வைத்து, இது எந்த ஊர், எந்த வேளை என்று சொல்லிவிடுகிறவர். எங்களிடமிருந்து அவர் போனதில் எங்களுக்கு வருத்தம், அவர் வளர்ந்ததில் சந்தோஷம். அவர் பெயரை இதில் இழுக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அவர் போனது ஒருபுறம், நாங்கள் நம்பியிருந்த கருவிகள் கைவிட்டுப் போனது மறுபுறம். ட்விட்டர் தன் தரவுகளை இலவசமாகக் கொடுப்பதை 2023ல் நிறுத்தியது. கூகுள் பழைய பக்கங்களைக் காட்டிய லிங்க்கை 2024 தொடக்கத்தில் எடுத்துவிட்டது. ஃபேஸ்புக்கில் எது எப்படிப் பரவுகிறது என்று காட்டிய கிரவுட்டேங்கிளை மெட்டா அதே ஆண்டு ஆகஸ்டில் மூடியது. முன்பு சும்மா கிடைத்ததற்கு இப்போது காசு, இல்லையென்றால் கூடுதல் ஆள். ஆகவே புதியவர் வரும்வரை வீடியோக்களுக்கு மட்டும் பதில் வர மூன்று நாள்வரை ஆகலாம், அடுத்த புதுப்பிப்பிலிருந்து சந்தாவும் சற்று கூடும்.

அந்தப் படத்தை நம்பிப் பணம் போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வெட்கப்படாதீர்கள், மறைக்காதீர்கள். 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் ஊழியர், தன் மேலதிகாரியும் சகாக்களும் பேசுவதாக நம்பிய ஒரு வீடியோ கூட்டத்துக்குப் பிறகு சுமார் 2.5 கோடி அமெரிக்க டாலரை மாற்றி அனுப்பினார். கூட்டத்தில் பேசிய அத்தனை முகமும் டீப்ஃபேக், அதாவது ஏஐ வைத்துச் செய்த போலி. முதலில் வந்த மின்னஞ்சலை அவர் சந்தேகப்பட்டிருந்தார். தெரிந்த முகங்களைப் பார்த்ததும்தான் சந்தேகம் போனது. ஆகவே ஏமாந்தவர் விவரம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல வேண்டாம். உங்கள் வங்கிக்கும் காவல்துறைக்கும் உடனே தெரிவியுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று: "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கொஞ்சம் கட்டணம் கட்டுங்கள்" என்று இனி அழைப்புகள் வரும். ஏமாந்தவர்களின் எண்கள் மோசடிக்காரர்களுக்குள் கைமாறுவது வழக்கம். எங்கள் பெயரைச் சொல்லியும் கூப்பிடலாம். நாங்கள் யாரையும் தொலைபேசியில் அழைத்துப் பணமோ ஓடிபியோ கேட்பதில்லை.

இத்தனைக்கு நடுவிலும் எங்களோடு நின்ற உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தன் குழுவில் போலிப் படம் வந்ததும் எங்கள் அசல் பதிலை எடுத்துப் போட்டு, எல்லாரும் படிக்கும்வரை விடாமல் வாதாடிய ஆசிரியை ஒருவர் இருக்கிறார். "உங்கள் பழைய பதில்கள் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறேன், வேண்டுமா?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். அவர் அனுப்பியதை வைத்துத்தான் சுற்றும் படத்தில் தேதியும் மாற்றப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தோம். காலத்துக்கும் மறக்க மாட்டோம்.

இன்றிலிருந்து ஒரு சிறிய மாற்றம். ஒவ்வொரு பதிலின் முதல் வரியிலும் தீர்ப்புக்கு முன்பாகவே ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை எங்கள் தளத்தில் உள்ளிட்டால் முழுப் பதிலும், நாங்கள் பார்த்த ஆதாரங்களும், தேதியும் வரும். வரவில்லையென்றால் அது எங்களுடையது அல்ல. பழைய பதில்களுக்கும் எண் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், முடிய ஓரிரு வாரம் ஆகும். போலிப் படம் உங்களுக்கு வந்திருந்தால், யாரிடமிருந்து எப்போது வந்தது என்ற குறிப்போடு எங்கள் வழக்கமான எண்ணுக்கு அனுப்புங்கள். அனுப்பியவர் பெயரை வெளியே சொல்ல மாட்டோம். எங்கிருந்து கிளம்பியது என்று தேடத்தான் கேட்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
உரிமையாளரும் ஊழியர்களும்