தோலை உரிச்சிடுவேன்!

ரெடிங், இங்கிலாந்து,
16.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவிடம் கேட்டால் "பரவாயில்லை" என்கிறாள். அவள் பரவாயில்லை என்று சொன்னால் டாக்டரிடம் போக வேண்டும் என்று அர்த்தம். போனில் பாதி நேரத்தைப் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் படிக்கிற ஆரம்பப் பள்ளியிலேயே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தினமும் ஒன்றேகால் மணி நேரம். தட்டோடு வருகிற பிள்ளை தடுக்கி விழாமல் பார்ப்பது, ஆரஞ்சு உரித்துக் கொடுப்பது, மைதானத்தில் சண்டை விலக்குவது. எம்.எஸ்ஸி., பி.எட். படித்துவிட்டு சத்துணவு ஆயா வேலையா என்று அம்மா கேட்பாள். முதல் நாள் அந்த மஞ்சள் கோட்டை மாட்டும்போது எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் உங்களிடம் நிறையச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் அந்தக் கோட்டைப் போட்ட பிறகுதான்.

இந்த ஒன்றேகால் மணி நேர வேலைக்கு என்னைச் சேர்க்க இரண்டு மாதம் ஆனது. டி.பி.எஸ். என்று ஒரு சோதனை. நம் மேல் போலீசில் ஏதாவது பதிவு உண்டா, பிள்ளைகள் பக்கமே விடக்கூடாதவர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இந்தியாவில் இருந்த காலத்துக்கும் காவல்துறைச் சான்று கேட்டார்கள். முன்பு வேலை பார்த்த இடத்துக்கு எழுதி விசாரித்தார்கள். என்னடா இது, கேஷியர் வேலைக்குக்கூட இவ்வளவு இல்லையே என்று எரிச்சலாக இருந்தது. பயிற்சியில்தான் காரணம் தெரிந்தது. 2002இல் சோஹம் என்ற சின்ன ஊரில் பத்து வயதுப் பெண்பிள்ளைகள் இரண்டு பேரை ஒருவன் கொன்றுவிட்டான். அவன் அந்த ஊர்ப் பள்ளியில் கட்டடப் பராமரிப்பு வேலை பார்த்தவன். வேறொரு ஊரில் அவன் மேல் முன்பே பல புகார்கள் வந்திருந்தன. அந்தத் தகவல் அவனை வேலைக்கு எடுத்தவர்கள் கைக்கு வந்து சேரவே இல்லை. அதற்குப் பிறகு விசாரணைக் குழு அமைத்து, இந்தச் சோதனை முறையையே மாற்றி எழுதினார்கள். அதைக் கேட்ட பிறகு என் எரிச்சல் போய்விட்டது.

பயிற்சியில் சொன்ன இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். ஒரு பிள்ளை வந்து "ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லக்கூடாது" என்றால், சரி என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "நீ பத்திரமாக இருப்பதற்காக ஒருத்தரிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். துருவித் துருவிக் கேட்கக் கூடாது. "அப்பா அடித்தாரா?" என்று நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. பிள்ளை சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே எழுதி, அதற்கென்று பள்ளியில் இருக்கும் பொறுப்பாளரிடம் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு செப்டம்பரிலும் அரசு இதற்கென ஒரு கையேட்டைப் புதுப்பித்து வெளியிடுகிறது. தலைமையாசிரியர் முதல் எங்களைப் போன்றவர்கள் வரை அவரவருக்குரிய பகுதியைப் படித்தே ஆக வேண்டும்.

இந்த "சொன்ன சொல்லிலேயே" என்பதில் நான் போன வருடம் மாட்டினேன். அப்போது உங்களுக்குச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. சின்னவள் வகுப்பில் பெயின்ட்டைச் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். ஆசிரியை சமாதானம் செய்ய, இவள் "அம்மாகிட்ட சொல்லாதீங்க, என் தோலை உரிச்சிடுவாங்க" என்று அப்படியே ஆங்கிலத்தில் எடுத்து விட்டிருக்கிறாள்!

சாயங்காலம் கூப்பிடப் போனால் என்னை உள்ளே வரச் சொன்னார்கள். சின்ன அறை, மேசை மேல் டிஷ்யூ டப்பா. அந்த டப்பாவைப் பார்த்ததுமே எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. துணைத் தலைமையாசிரியை மெதுவாக, சிரித்த முகத்தோடுதான் கேட்டார். நான் பதறிப்போய், இதெல்லாம் எங்கள் ஊரில் சும்மா சொல்வது, காலை ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன், முதுகுல டின் கட்டிடுவேன் என்றுகூடச் சொல்வோம், எல்லாம் பாசத்தில் வருவது என்று விளக்கினேன். நான் விளக்க விளக்க அவர் பேனா வேகமாக ஓடியது.

ஒன்றும் ஆகவில்லை. எழுதிக்கொண்டார், பிள்ளையிடம் தனியாகப் பேசினார், அத்தோடு சரி. ஆனாலும் இரண்டு வாரம் எனக்கு ஆறவே இல்லை. என்னைப் பார்த்தா சந்தேகம், பள்ளியை மாற்றிவிடலாம் என்று இவரிடம் சண்டை போட்டேன். இப்போது அந்த மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து யோசித்தால், அந்த ஆசிரியை கேட்டும் கேளாததுபோல் இருந்திருந்தால்தான் தப்பு என்று புரிகிறது. நீங்கள் வாத்தியாராக இருந்தபோது உங்கள் மேசையில் கிடந்த புளியம் விளாறைச் சொல்லி இங்கே பீற்றிக்கொள்ள முடியாது, தெரிந்துகொள்ளுங்கள். இவர்களும் 1987 வரை அரசுப் பள்ளிகளில் பிரம்பு வைத்திருந்தவர்கள்தான்.

"பாடப் புத்தகத்தைக் காட்டு, காட்டு" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, காட்டுவதற்கு ஒன்றும் இல்லை அப்பா. பாடநூல் கழகம் என்று ஒன்று இங்கே இல்லை. எந்தெந்த வயதில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தேசியப் பாடத்திட்டம் சொல்கிறது. 1988இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்தது, இப்போது நடப்பது 2014இல் வந்த பதிப்பு. எப்படி நடத்துவது என்பது பள்ளியின் பாடு. பையில் ஒரு கதைப் புத்தகமும், வீட்டில் எத்தனை பக்கம் வாசித்தாள் என்று நாம் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நோட்டும் வரும். ரேங்க் கார்டு கிடையாது. பருவத்துக்கு ஒருமுறை ஆசிரியரோடு பத்து நிமிடம் பேசலாம், பதினோராவது நிமிடம் அடுத்த பெற்றோர் வாசலில் நிற்பார்.

ஒரு தேர்வைப் பற்றிக் கேளுங்கள். ஒன்றாம் வகுப்பு முடியும்போது ஆசிரியரிடம் தனியாக உட்கார்ந்து நாற்பது சொல் வாசிக்க வேண்டும். அதில் இருபது சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. அவற்றுக்குப் பக்கத்தில் வேற்றுக்கிரக ஜந்துவின் படம் போட்டிருக்கும், அது ஜந்துவின் பெயராம். இல்லாத சொல்லை எதற்கு வாசிக்க வேண்டும் என்று நான் சிரித்தேன். பிறகு உங்கள் ஞாபகம் வந்தது. ஆடு படத்தைப் பார்த்துவிட்டு "ஆடு" என்று கத்துகிற பிள்ளைகளிடம் நீங்கள் படத்தைக் கையால் மூடிக்கொண்டு எழுத்தை வாசிக்கச் சொல்வீர்களே, அதேதான் இது. பிள்ளை எழுத்தைக் கூட்டிப் படிக்கிறதா, மனப்பாடமாக ஒப்பிக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் அது கொஞ்சம் பாவம்தான். எங்கள் ஊர் பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்தால் "ரீடிங்" என்று வரும், சொல்ல வேண்டியதோ "ரெடிங்"!

பெரியவனுக்கு வருகிற ஜூனில் வாய்ப்பாட்டுத் தேர்வு. கணினியில் 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறு விநாடி, பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை. நீங்கள் சொல்லிக் கொடுத்த "ஏழெட்டு ஐம்பத்தாறு" மனசுக்குள் தமிழில்தான் ஓடுகிறது, கை ஆங்கிலத்தில் தட்டுகிறது என்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கொஞ்சம் கேளுங்கள். அடிக்க விளாறு எட்டாது.

சின்னவள் வகுப்பில் இப்போது 1666இல் லண்டன் எரிந்த கதை. ஒரு ரொட்டிக் கடையில் தொடங்கி, மர வீடுகளைத் தாவித் தாவி ஊரையே தின்ற தீ. அட்டைப் பெட்டிகளில் வீடுகள் செய்து, வர்ணம் அடித்து, மைதானத்தில் தெருவாக அடுக்கி, ஆசிரியை நிஜமாகவே கொளுத்திக் காட்டினார். பிள்ளைகளைத் தூரத்தில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள், பக்கத்தில் தண்ணீர் வாளிகள். முதல் கூரை பற்றியதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். காற்று லேசாக வீச, அடுத்தது, அதற்கடுத்தது. என்னால் பார்க்க முடியவில்லை. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்களே, அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்கள் சாப்பிடாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள் வந்தது. மறுநாள் ஆள் பிடித்து நம் சத்துணவுக் கூடத்து ஓலையைப் பிரித்துப் போட்டீர்கள். மேலிடத்து உத்தரவு அப்புறம்தான் வந்தது. இங்கே தீ மணி ஒத்திகை நடக்கும்போது வரிசையாக நிற்கும் பிள்ளைகளை நானும் எண்ணுகிறேன். ஒருமுறை எண்ணி முடித்ததும் இன்னொரு முறை எண்ணுகிறேன், யாரும் சொல்லாமலே.

இன்னொன்று. ஐந்தாம் வகுப்பில் என்னோடு படித்த வாய்க்கால் தெருப் பிள்ளை, பெயர் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். கையில் காயத்தோடு வருவாள், கேட்டால் கிணற்றடியில் விழுந்தேன் என்பாள். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. நீங்கள் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனீர்கள். திண்ணையில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, "எங்க வீட்டு விவகாரம் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. நான் போனதால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பயிற்சி அன்றைக்கு அந்தக் கையேட்டைப் புரட்டும்போது, அன்று உங்களுக்கு இப்படி எழுதிக் கொடுக்க ஒரு தாளும், கொடுப்பதற்கு ஓர் ஆளும் இருந்திருந்தால் என்று நினைத்தேன். இப்போது நம் ஊரிலும் பிள்ளைகளுக்கான 1098 உதவி எண் இருக்கிறது, போக்சோ சட்டம் இருக்கிறது. அன்று உங்களிடம் இருந்தது சைக்கிள் ஒன்றுதான்.

தை மாதக் கல்யாணத்துக்கு வர முடியாது அப்பா. பள்ளி நாளில் ஐந்து நாள் அனுமதி இல்லாமல் கூட்டிவந்தால், ஒவ்வொரு பிள்ளைக்காகவும் அப்பா, அம்மா இருவருக்கும் தலா 80 பவுண்டு அபராதம். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 320, நம் காசில் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல். ஜூலைக் கடைசியில் பள்ளி விட்டதும் வருகிறோம், ஆடிக் கொடைக்கு இருப்போம். கடலை மிட்டாய் அனுப்புங்கள், ஆனால் வீட்டில் வைத்துத்தான் தின்ன முடியும். பள்ளி வாசலுக்குள் கடலை வரக்கூடாது, ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பேத்தி உங்களுக்கு ஒரு தேர்வு வைத்திருக்கிறாள். கீழே அவள் கையால் எழுதியிருக்கும் மூன்று சொல்லையும் வாசித்து வாட்ஸாப்பில் குரல் அனுப்ப வேண்டுமாம். ஜந்துப் படம் அவளே வரைந்தது. அர்த்தம் கேட்கக் கூடாதாம்.

ஞொப்பு. ழீடம். கௌவட்டி.

அன்புடன்,
உங்கள் மகள்