வரையாட்டுக்கு யார் கொம்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளுக்காக, அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களைப் பற்றிய சீட்டு விளையாட்டு ஒன்றை வாங்கினேன். உயிரினம், வாழிடம், உணவு, ஆபத்து என நான்கு சீட்டுகள் சேர்ந்தால் ஒரு குடும்பம். இல்லாததைப் பிறரிடம் கேட்டுப் பெற வேண்டும். சீட்டு என்றாலே முகம் சுளிக்கும் என் மனைவியும் இரண்டே நாளில் வட்டத்தில் வந்து அமர்ந்துவிட்டார்.

பாறு கழுகின் ஆபத்துச் சீட்டில் ஒரு மாட்டின் படம் இருந்தது. மாடு எப்படிக் கழுகைக் கொல்லும் என்று பேத்தி கேட்டாள். டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி செலுத்தப்பட்ட மாடு இறந்தால், அதன் உடலைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்துவிடும் என்பதையும், கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதை மத்திய அரசு 2006-இல் தடை செய்ததையும் சொன்னேன். அவள் அந்தச் சீட்டை வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

குறையும் உண்டு. வரையாட்டுச் சீட்டில், முறுக்கிய கொம்புடைய வேறேதோ மலையாட்டை அச்சிட்டிருக்கிறார்கள். நம் மாநில விலங்கின் கொம்பு பின்னோக்கி வளைந்திருக்குமே தவிர முறுக்கிக்கொண்டிராது. பனிக்கரடிக்கு இடமளித்தவர்கள், பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2022-இல் காப்பகம் அறிவிக்கப்பட்ட கடற்பசுவை விட்டுவிட்டது ஏனென்று விளங்கவில்லை.

வனத்துறையும் பள்ளிக் கல்வித் துறையும் இணைந்து, சோலைமந்தி, தேவாங்கு முதலிய நம் உயிரினங்களைக் கொண்ட தமிழ்ச் சீட்டுக்கட்டு ஒன்றைத் தயாரித்து, அரசுப் பள்ளி நூலகங்களுக்கு வழங்க வேண்டுகிறேன். அச்சுக்கு அனுப்புமுன் படங்களை வனக்காவலர் ஒருவரிடம் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், பொள்ளாச்சி