பணம் மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையைக் கூட்டித் தர வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது கடிதங்கள் வருகின்றன. கூட்டட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார், அதை வாங்குகிற வீட்டில்தான் நானும் இருக்கிறேன். ஆனால் பேச்சு எப்போது பார்த்தாலும் தொகையில் தொடங்கித் தொகையிலேயே முடிந்துவிடுகிறது. அதுதான் என் ஆதங்கம்.

என் அண்ணனுக்கு 44 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும், அவர் பேசுவது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் புரியும், தானாகப் புரண்டு படுக்க வராது. (இந்த வயதிலும் "குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.)

அம்மாவுக்கு 71. அண்ணன் 62 கிலோ. கட்டிலிலிருந்து வீல் சேர், அங்கிருந்து குளியலறை, திரும்பவும் கட்டில் என்று ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு தடவை தூக்க வேண்டியிருக்கிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது தூக்கிய அதே பழக்கத்தில் அக்குளில் கையைக் கொடுத்து ஒரே மூச்சில் தூக்குவார் அம்மா, நானும் அப்படியேதான் கற்றுக்கொண்டேன். அது தப்பு என்று எங்களுக்குத் தெரியவே முப்பது வருடம் ஆகிவிட்டது, அதற்குள் அம்மாவுக்கு டிஸ்க் விலகியாயிற்று.

யார் சொல்லித் தெரிந்தது என்றால், வேறு வேலையாக எங்கள் பக்கம் வந்த ஒரு பிசியோதெரபிஸ்ட். அம்மா தூக்குவதைப் பார்த்ததும் "நிறுத்துங்கம்மா" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் எங்களோடு மல்லுக்கட்டினார். கட்டிலும் வீல் சேரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், பிரேக்கைப் போட்டுவிட்டு ஒரு பக்கக் கைப்பிடியைக் கழற்ற வேண்டும், வழவழப்பான பலகை ஒன்றை இரண்டுக்கும் நடுவே பாலம் மாதிரி வைத்து ஆளைத் தூக்காமல் நகர்த்த வேண்டும். படுக்கையில் மேலே ஏற்றுவதற்கு ஆளைப் பிடித்து இழுக்கக் கூடாது, அடியில் மடித்துப் போட்ட விரிப்பை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். அரசு கொடுத்த வீல் சேரில் கைப்பிடி கழலவே கழலாது என்பது தனிக்கதை.

அப்புறம் ஒருநாள் சட்டத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று தேடிப் படித்தேன். ஐ.நா. பொதுச் சபை 2006 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 28-ஆவது பிரிவு, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அரசு செய்ய வேண்டிய உதவிகளைச் சொல்கிறது: போதுமான பயிற்சி, ஆலோசனை, பண உதவி, பார்த்துக்கொள்பவர் ஓய்வெடுக்க மாற்று ஏற்பாடு. பணம் மூன்றாவதாகத்தான் வருகிறது! எழுதியவர்கள் யோசித்துத்தான் இந்த வரிசையில் வைத்தார்களா தெரியாது, ஆனால் எங்கள் வீட்டு அனுபவம் அச்சாக அந்த வரிசைதான்.

வருடத்துக்கு ஒரு முறை அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று நாங்கள் சான்று காட்டுகிறோம். அதைச் சரிபார்க்க ஆள் வருகிறார், எட்டிப் பார்க்கிறார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். இவரை எப்படித் தூக்குகிறீர்கள், ராத்திரி யார் புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. படுக்கைப்புண் வராமல் இருக்க ராத்திரியிலும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். மூன்று மணி முறை என்னுடையது. அலாரத்தை அணைத்துவிட்டுப் போனால் அண்ணன் பெரும்பாலும் விழித்துக்கொண்டுதான் கிடப்பார், எழுப்ப மனசில்லாமல் காத்துக்கொண்டு.

பிரிட்டனில் 1976-இலேயே வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கென்று ஒரு உதவித்தொகை கொண்டு வந்தார்கள். ஆனால் கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது, அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற நினைப்பு! தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஒரு பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போன பிறகுதான், 1986-இல் அது மாறியது. அந்தத் தொகை வேண்டுமென்றால் வாரத்துக்கு 35 மணி நேரமாவது பராமரிப்பில் செலவிட வேண்டும் என்கிறது விதி. எங்கள் வீட்டில் திங்கட்கிழமை பிறந்ததிலிருந்து எண்ணினால் செவ்வாய் பகல் பதினோரு மணிக்கே அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

ஜெர்மனியில் 1995 முதல் நடக்கும் பராமரிப்புக் காப்பீடுதான் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பார்த்துக்கொள்பவர் நோயில் விழுந்தாலோ விடுப்பில் போனாலோ அவருக்குப் பதிலாக வருகிறவருக்கான செலவை ஏற்கிறார்கள், நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்களுக்கு ஓய்வூதியச் சந்தாவையும் கட்டுகிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை, அந்த வேலை செய்பவருக்கும் வயதாகும் என்பது அங்கே சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

எங்களுக்கும் அப்படி ஒரு மாற்று ஆள் வேண்டும், ஆனால் வந்தால் அதே ஆள்தான் வர வேண்டும். இன்றைக்கு ஒருவர், அடுத்த மாதம் இன்னொருவர் என்றால் அது ஓய்வே இல்லை. அண்ணன் கண்ணை மேலே உயர்த்தினால் ஆமாம், உதட்டை உள்ளே மடித்தால் வேண்டாம், இரண்டும் சேர்ந்து வந்தால் எங்கேயோ வலிக்கிறது. இதைப் பழகவே ஒருவருக்குச் சில வாரங்கள் ஆகும். பணம் கொடுத்துத் தினம் ஒருவரைப் பிடித்து வந்தால் அவருக்கு அண்ணன் ஒரு மூட்டை, அண்ணனுக்கு அவர் ஒரு பயம். இதனால்தான் தொகையை மட்டும் கூட்டிவிட்டுக் கை கழுவாதீர்கள் என்கிறேன். ஆளைப் பயிற்றுவித்து, மாதச் சம்பளம் கொடுத்து, ஒரு வட்டாரத்துக்கு இத்தனை வீடு என்று நிலையாக அனுப்புவது தனி வீடுகளால் ஆகிற காரியமில்லை, அரசுதான் செய்ய முடியும். சான்று பார்க்க வருபவரோடு முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டை அனுப்பினால்கூடப் போதும், அதிலிருந்து தொடங்கலாம்.

இவ்வளவு அவசரமாக எழுதுவதற்குக் காரணம் அம்மாவின் முதுகு. அறுவை சிகிச்சை செய்துவிடலாம், ஆனால் ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகலில் நான் வேலைக்குப் போனால்தான் வீடு ஓடும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அம்மா அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார், தேதி மட்டும் இன்னும் வாங்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு தங்கை