கஜாவின் வலது கால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் நம் நாய் கஜாவைத் தவிர எல்லோரும் நலம். நேற்று போனில் "வெட்டாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எனக்குப் பேச வந்திருக்காது. மழை பெய்ததா, சாப்பிட்டாயா, இதற்கு மேல் போனில் எனக்கு வராது. அதனால் எழுதி, அடுத்த வீட்டுப் பையனிடம் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி.

நாளைக் காலை ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கஜாவுக்கு ஆபரேஷன். வலது முன்னங்காலை எடுக்கிறார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

அடிபட்ட கதையையே உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. தீபாவளி முடிந்த வாரம் குறுவை நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்திருந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். நம் நெல்லோ நனைந்து கிடந்தது. ஒரு நாள் நல்ல வெயில் கிடைத்ததும் பாதி ரோட்டை அடைத்துப் பரப்பிவிட்டேன். கஜா எப்போதும்போல ஆடு விரட்ட நெல்லின் ஓரத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். ஒரு குட்டியானை வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் சின்னப் பையன், நல்ல பையன். நெல்மேல் சக்கரம் ஏறக்கூடாது என்று ஒடித்தான். ஒடித்த பக்கம் நாய் படுத்திருந்தது. நெல் ஒரு மணி சிதறவில்லை. அந்தப் பையன் இறங்கி வந்து அழுதான். ரோட்டை அடைத்தவன் நான், அவனை என்ன சொல்ல?

ரத்தம் அதிகமில்லை. எலும்பும் முறியவில்லை. ஆனால் கால் தோளிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்கியது. ஊரில் ஆளுக்கு ஒரு யோசனை. புத்தூர் கட்டு போடு என்றார் ஒருவர். முறியாத எலும்புக்கு எதைக் கட்டுவது? வேறொருவர், ஊசி போட்டு முடித்துவிடலாம், எதற்குச் செலவு என்றார். அவரோடு நான் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

நடக்கும்போது பாதம் மடங்கி, மேல்பக்கம் தரையில் இழுபட்டுத் தேய்ந்தது. புண் வந்தது. உன் பள்ளிக்கூட சாக்ஸ் ஒன்று பரணில் கிடந்ததே, அதை அம்மா மாட்டிக் கட்டிவிட்டாள். அரை நாளில் கிழித்துவிட்டான்.

முதல் தடவை ஒரத்தநாட்டுக்குக் கொண்டுபோனபோது டாக்டரம்மா காலைத் தொடுவதற்கு முன் டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடித்தார். காலைக் காட்ட வந்தால் கண்ணைப் பார்க்கிறாரே என்று எனக்குக் குழப்பம். அப்புறம் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இடது கண்ணில் கருமணி பெரிதாக இருந்தது, வலது கண்ணில் மிளகு அளவுக்குச் சுருங்கி இருந்தது. உள்ஓரத்துச் சவ்வும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. பத்து நாளாக அதை நானும் பார்த்திருக்கிறேன், தூசி என்று நினைத்து துணியால் துடைத்துவிட்டேன். காலுக்குப் போகும் நரம்புகள் கழுத்து முடியும் இடத்தில் முதுகுத்தண்டிலிருந்துதான் கிளம்புகின்றனவாம். கண்ணுக்குப் போகும் ஒரு நரம்பும் அந்த வழியில்தான் வருகிறதாம். கண்ணும் சேர்ந்து கெட்டிருந்தால், நரம்பு நடுவில் நசுங்கவில்லை, வேரிலேயே பிய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் திரும்ப ஒட்ட முடியாது என்றார். எனக்குப் புரிந்தது. தலைப்பு மதகே போய்விட்டால் கன்னி வாய்க்காலைத் தூர்வாரி என்ன செய்ய? இருந்தாலும் சில வாரம் பார்க்கலாம், நாமாக அவசரப்பட வேண்டாம் என்று அவர்தான் அனுப்பினார்.

பார்த்தோம். தோள்சதை வற்றி எலும்பு துருத்தியது. போன வாரம் ஒரு ராத்திரி திண்ணையில் சப்புக்கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. லைட்டைப் போட்டுப் பார்த்தால், கஜா அந்தக் காலின் நடுவிரலைக் கடித்துக்கொண்டிருக்கிறான். ரத்தம். முகத்தில் ஒன்றுமே இல்லை பாப்பா, எலும்புத்துண்டைக் கடிக்கிற நிதானம். வாயிலிருந்து இழுத்தபோது என்னைப் பார்த்து வாலை ஆட்டினான். உணர்ச்சி போன இடத்தில் குறுகுறுப்பு மாதிரி ஏதோ வருமாம், அதற்காகத்தான் இப்படிக் கடிக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். கழுத்தில் புனல் மாட்டியிருக்கிறோம். எத்தனை நாளைக்குப் புனலோடு இருப்பான்?

இரண்டாவது தடவை போனபோது ஒரு இடுக்கியால் விரலை அழுத்திப் பிடித்தார். அழுத்தும்போது நீங்கள் காலைப் பார்க்காதீர்கள், அவன் முகத்தைப் பாருங்கள் என்றார். இடது காலில் அழுத்தியதும் கத்திக்கொண்டு திரும்பினான். வலது காலில் எவ்வளவு அழுத்தியும் ஜன்னலுக்கு வெளியே நின்ற கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கேதான் எனக்கு உன் தாத்தா ஞாபகம் வந்தது. தாத்தா காய்ச்சலில் போனார் என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறோம். அது முழுக்கப் பொய்யில்லை, கடைசியில் காய்ச்சலும் இருந்தது. ஆனால் தொடங்கியது காலில். சர்க்கரை வியாதி. வரப்பில் கருவேல முள் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை, வீட்டுக்கு வந்தபிறகு நான்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பாதத்தில் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். "ஒண்ணும் தெரியலையே தம்பி" என்று தாத்தா சிரித்தார். வலி இல்லையாம் என்று நானும் நிம்மதியாக வெளியே வந்தேன். பாதத்தின் முன்பகுதியை எடுத்தால் கால் பிழைக்கும் என்றார்கள். முழு ஆளாகவே இருக்கட்டும் என்றார் சின்னத்தாத்தா. நான் அதுகூடச் சொல்லவில்லை, நெல் அறுப்பு முடியட்டும் என்றேன். பத்தொன்பது நாள். உனக்கு அப்போது மூன்று வயது. அவர் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து நீ சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருப்பாய்.

இதை உன் அம்மாவிடம்கூட நான் உட்கார்ந்து பேசியதில்லை.

சரி, நீ போனில் சொன்னதற்கு வருகிறேன். பாதியாவது விடக்கூடாதா என்று நானும் கேட்டேன். முழங்கால் வரைக்கும் இருந்தால் பார்க்க நன்றாக இருக்குமே என்று. மிச்சம் விட்டால் அதை ஊன்றப் பார்ப்பான், முட்டி முட்டிப் புண்ணாகும், தோள்பட்டை எலும்போடு எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். நாய்க்கு உடம்புப் பாரத்தில் 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குமாம். அதனால் பின்னங்காலை விட இது கொஞ்சம் சிரமம்தான், மறைக்கவில்லை. ஆனால் தீபாவளியிலிருந்து அவன் மூன்று காலில்தானே நடக்கிறான்? முந்தாநாள் ஆட்டை வாய்க்கால் வரைக்கும் விரட்டினான். வாசற்படியில் அந்தத் தொங்குகிற கால்தான் அவனைத் தடுக்கி விழவைத்தது.

அம்மா வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள், வெள்ளியில் கால் உரு வாங்கி உண்டியலில் போடுவதாக. கடையில் மனுஷக் கால்தான் இருக்கும் என்றேன். சாமிக்குத் தெரியும் யாருக்கு என்று, உங்களுக்கென்ன என்றாள்.

தையல் பிரிக்கப் பத்துப் பதினாலு நாள் ஆகும். எடை கூடவே கூடாது என்றார்கள், அம்மா பால்சோறு போடுவதை நீதான் போனில் கண்டிக்க வேண்டும், நான் சொன்னால் கேட்க மாட்டாள். இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. நீ முதல் சம்பளத்தில் போட்டுக் கொடுத்த டைல்ஸ் அவனுக்கு வழுக்குகிறது. கூடம் முழுக்கச் சாக்கை விரித்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது வீடு நெல் குடோன் மாதிரி இருக்கும்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் உரிமையாளர் என்று உன் பெயரைத்தான் கொடுத்திருந்தேன். கஜா புயல் அடித்த மறுநாள், 2018 கார்த்திகை தொடங்கும்போது, விழுந்த தென்னை மட்டைக்கு அடியிலிருந்து அவனை எடுத்து வந்தவள் நீ. ஊரை அழித்த புயலின் பெயரை நாய்க்கு வைப்பார்களா என்று அம்மா திட்டியும் மாற்றவில்லை. ஆபரேஷன் தாளில் உரிமையாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். இது உன் கையால் நடந்ததாக இருக்க வேண்டாம்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவனுக்குச் சோறு கூடாது, தண்ணீர் மட்டும்தான். அவனுக்கு அது எப்படித் தெரியும்? மணி பத்தாகிறது. காலித் தட்டை மூக்கால் தள்ளித் தள்ளி, நான் எழுதும் இடம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டான்.

அப்பா