கேத்தரினைப் பற்றி சரோஜாவுக்கு

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு ஊர்ப் பக்கமே மாற்றல் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை.

ஒரு ராஜாவின் கல்யாணத் தகராறில் இங்கிலாந்து என்ற ஒரு நாடே ரோமை, அதாவது போப்பின் கத்தோலிக்கச் சபையை, விட்டுப் பிரியுமா என்று கேட்டிருந்தாய். அந்த ராஜா எட்டாம் ஹென்றி என்றாலே எல்லோரும் அவன் இரண்டாவதாகக் கட்டிய ஆன் போலினைத்தான் பேசுகிறார்கள். என் மனசு முதல் மனைவி கேத்தரின் பக்கம்தான்.

அவள் முதலில் ஹென்றியின் அண்ணன் ஆர்தருக்கு வாழ்க்கைப்பட்டவள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அவன் போய்விட்டான். போப்பின் விசேஷ அனுமதியோடு 1509-இல் தம்பி அவளைக் கட்டினான். பிறந்த பிள்ளைகளில் தங்கியது மேரி ஒருத்திதான். ஆண் வாரிசு இல்லை என்றானதும், சகோதரன் மனைவியைக் கட்டினால் சந்ததி இருக்காது என்ற பைபிளின் லேவியராகம வசனத்தைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கல்யாணமே செல்லாது என்று போப் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றான். அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்தால் தம்பி கட்டிக்கொள்ளட்டும் என்று அதே பைபிளின் உபாகமம் சொல்கிறதே, அதற்கு அவன் பண்டிதர்கள் ஏதேதோ விளக்கம் சொன்னார்கள்.

போப் ஏழாம் கிளமென்ட்டுக்கோ தர்மசங்கடம். 1527-இல் ரோமைச் சூறையாடியது பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை. அந்தச் சார்லஸ் கேத்தரினின் அக்காள் மகன்! ரோமிலிருந்து வந்த போப்பின் தூதர் கர்தினால் கம்பெஜியோ, கன்னிமடத்தில் சேர்ந்துவிடுங்கள் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தார். சேர்ந்திருந்தால் வழக்கு சத்தமில்லாமல் முடிந்திருக்கும். மாட்டேன் என்றுவிட்டாள்.

1529 ஜூனில் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸில் விசாரணை. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தவள், நேரே ராஜாவிடம் போய் அத்தனை பேர் முன்னால் மண்டியிட்டாள். இருபது வருஷம் உண்மையான மனைவியாக இருந்தேனே என்று கேட்டாள். பேசி முடித்து வெளியே நடந்தாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் நிற்கவில்லை. என் வழக்கை ரோம்தான் தீர்க்க வேண்டும் என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தாள்.

அந்தக் கதவை அடைக்கத்தான் 1533-இல் ரோமுக்கு மேல்முறையீடே கூடாது என்று சட்டம் வந்தது. பேராயர் கிரான்மர் கல்யாணம் செல்லாது என்றார். மறுவருஷம் போப்புக்குப் பதில் ராஜாவே இங்கிலாந்துச் சபையின் தலைவர். அப்புறம் மடங்களைக் கலைத்து நிலத்தைப் பிடுங்கினார்கள். இதை ஏற்காத முன்னாள் அமைச்சர் தாமஸ் மோரின் தலையும் போயிற்று. இத்தனைக்கும் 1521-இல், போப்பை எதிர்த்த ஜெர்மன் துறவி லூதரை எதிர்த்துப் புத்தகம் எழுதி, போப்பிடம் பட்டம் வாங்கியவன் ஹென்றி. ரோமை அவ்வளவு நம்பியவளின் பிடிவாதமே நாடு ரோமை விட்டு விலகக் காரணமானதை நினைத்தால் மனசு கனக்கிறது.

1536 ஜனவரியில் கிம்போல்டன் கோட்டையில் இறந்தாள். கடைசியில்கூட மேரியைப் பார்க்க விடவில்லை. அதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை, சரோஜா.

பொங்கலுக்கு வருவாய்தானே? பதில் போடு.

அன்புடன்,
விஜயா