தீவகப் பாடசாலைகளின் இணைய இணைப்பைப் பராமரிக்கும் பொறியியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

நெடுந்தீவில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து பாட ஆசிரியர்கள் நேரலையில் எடுக்கும் வகுப்புகளில், அவர்களின் குரல் அரை நிமிடத்துக்கு ஒருக்கால் அறுபடுகிறது. காற்றையும் மழையையும் காரணம் சொல்கிறீர்கள். காற்று 30 செக்கனுக்கு ஒருமுறை மணி பார்த்து வீசாது. இணைப்பில் ஓடும் தரவுப் பொதிகளைப் பிடித்துப் பார்த்தேன்: உங்கள் ரவுட்டர், ரவுட்டர்கள் வழிகளைத் தங்களுக்குள் பரிமாறும் ரிப் (RIP) நெறிமுறையில், எந்த வலையமைப்புக்கு எப்படிப் போவது என்ற தன் வழி அட்டவணை முழுவதையும் எங்களுக்கு அனுப்பும் நேரம் அது.

ஒரு ரிப் பொதியில் 25 வழிகளுக்கு மேல் அடங்காது. நீங்கள் அனுப்பும் 200 வழிகளுக்கு 8 பொதிகள், தலைப்புகளோடு 4,256 பைற். சராசரி போட்டால் செக்கனுக்கு ஒரு கிலோபிற்றுக்குச் சற்று மேல். கண்காணிப்பு வரைபடத்தில் தெரியவே தெரியாது. ஆனால் எட்டும் ஒன்றாக வந்து விழுகின்றன. எங்களுக்கு ஒதுக்கிய 128 கிலோபிற்றில் அவை கடந்துபோகக் கால் செக்கனுக்கு மேல் பிடிக்கிறது. ஆசிரியரின் குரல் அதுவரை பின்னால் நிற்கிறது.

இந்த 200 வழிகளை வைத்து எங்கள் ரவுட்டர் என்ன செய்யும்? வெளியே போக அதற்கு இருப்பது ஒரே இணைப்பு. எதிர்க்கரை இறங்குதுறையான குறிகாட்டுவானுக்குப் படகேறுகிறவருக்கு யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளின் வரைபடம் எதற்கு? எங்கள் பக்கம் ஒரு டிபோல்ட் ரூட், அதாவது வெளியே போகும் எல்லாவற்றையும் அந்த இணைப்பிலேயே அனுப்பச் சொல்லும் ஒரே வழி; உங்கள் பக்கம் எங்கள் வலையமைப்புக்குக் கையால் எழுதிவைத்த ஒரு நிலையான வழி. இவ்வளவும் போதும். அப்பால் ஏதாவது இணைப்பு விழுந்தால் நிலையான வழிக்கு அது தெரியாதே என்பீர்கள். உண்மைதான். தெரிந்தாலும் திரும்பிப் போக எங்களுக்கு வேறு பாதை இல்லை.

ரிப்பை விட்டு ஓஎஸ்பிஎப் (OSPF) என்ற இன்னொரு வழி நெறிமுறைக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்றும் உங்களில் சிலர் சொல்கிறீர்கள். மாற்றமில்லாதபோது அது 10 செக்கனுக்கு ‘இருக்கிறேன்’ என்று சொல்லும் ஒரு சிறிய ஹலோ செய்தியோடும், 30 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தலோடும் அடங்கிவிடும். ஆனால் எல்லாத் தீவுகளையும் ஒரே ஏரியாவில், அதாவது மாற்றச் செய்தி எல்லா ரவுட்டருக்கும் போகும் ஒரே பிரிவில், போட்டால், எங்கோ ஒரு வானலை இணைப்பு விழுந்தெழும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தச் செய்தி இங்கேயும் வரும். மாற்றத்தான் வேண்டுமென்றால் எங்களை வெளி வழிகள் உள்ளே வராத ஸ்டப் ஏரியாவாக்கி, வழிகளை எல்லையிலேயே சுருக்கி, டிபோல்ட் ரூட்டை மட்டும் விடுங்கள்.

இரு பக்க ரவுட்டர்களின் கடவுச்சொல்லும் உங்களிடம்தான் இருக்கிறது. முதலில் எங்கள் பக்கம் டிபோல்ட் ரூட்டைப் போட்டுச் சோதித்த பிறகே உங்கள் பக்கம் ரிப்பை நிறுத்துங்கள். மாறிச் செய்தால் மூன்று நிமிடத்தில் பழைய வழிகள் காலாவதியாகி, தொலைவிலிருந்து உள்ளே வரமுடியாமல் போகும். பாடசாலை விட்ட பிறகு எந்த நாளிலும் செய்யலாம்; நான் ரவுட்டருக்குப் பக்கத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
நெடுந்தீவு ஆசிரியர் ஒருவர்