மூச்சுப் பயிற்சி சரி, தேதியை யார் மாற்றுவது?

ஆசிரியருக்கு,

வணக்கம். பல்கலைக்கழக மாணவர்களின் மன அழுத்தம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூச்சுப் பயிற்சி, தியானம், நடை என்று அதில் சொல்லியிருந்த எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தனையும் மாணவர் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் வழிகள். 22 வருடமாகப் பாடம் நடத்தும் எனக்கு அங்கேதான் இடித்தது.

லாசரஸ், ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் 1984-இல் வெளியிட்ட நூலில் இரண்டு வகைச் சமாளிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். பிரச்சினையையே கையாள்வது ஒன்று, அது கிளப்பிவிடும் உணர்ச்சியைக் கையாள்வது இன்னொன்று. தேர்வு எழுதியாயிற்று, முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றால் இரண்டாவதுதான் கைகொடுக்கும். சரி, ஒரே வாரத்தில் நான்கு அசைன்மென்ட், அப்புறம் ஒரு செய்முறைத் தேர்வு என்றால்? எவ்வளவு ஆழமாக மூச்சு இழுத்தாலும் தேதி நகராது.

நானே இதில் குற்றவாளிதான். சில வருடங்களுக்கு முன் வகுப்பில் தூங்கிய மாணவன் ஒருவனை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். அவனுடைய தோழி பிறகு வந்து சொன்னாள்: நான் கொடுத்திருந்த அதே திங்கட்கிழமையை இன்னும் மூன்று ஆசிரியர்களும் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் நால்வரும் பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்கள். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை! இப்போது செமஸ்டர் தொடங்கும் முன் உட்கார்ந்து தேதிகளைப் பிரித்துக்கொள்கிறோம். அரை மணி நேரம்கூட ஆவதில்லை.

இரவெல்லாம் விழித்துப் படிப்பதைப் பற்றியும் கட்டுரை கண்டித்திருந்தது. படித்தது மனதில் ஊன்றத் தூக்கம் வேண்டும் என்பதும், குடித்த காபியின் காஃபீனில் ஏறத்தாழ பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும் என்பதும் உண்மைதான். மாணவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தே விழித்திருக்கிறார்கள், விடிந்தால் ஒப்படைக்க வேண்டுமே.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், வாழவே வேண்டாம் என்று பேசும் பிள்ளைக்கு நாட்காட்டியும் போதாது, தியானமும் போதாது. அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ கூடப் போக ஓர் ஆள் வேண்டும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, தேர்வு அட்டவணை போடுகிறவர்களிடமும் நான்கு கேள்வி கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பல்கலைக்கழக ஆசிரியை